எங்க வீட்டுச் சுவரில் பத்தொன்பது ஒயர்கள்

பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டும் என்று அம்மா மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த முறை பெயிண்டர் வந்தே விட்டார். ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கத்துச் சந்து ஒன்றில் எங்கள் வீடு. தரைத்தளம், மேலே ஒரு மாடி. தெருப்பக்கச் சுவரை அண்ணாந்து பார்த்தவர் கேட்டது: "இன்னாமா இது, சொவுரா, இல்ல கன்ட்ரோல் ரூமா?"

ஒயரை எல்லாம் எடுத்தால்தான் பட்டி பார்க்க முடியும் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். செமஸ்டர் லீவில் சும்மா இருந்த நான் ஏணியில் ஏற்றப்பட்டேன். எண்ணிப் பார்த்தால் பத்தொன்பது! எது வேலை செய்கிறது, எது செத்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கறுப்பாக ஒன்றைப் பிடித்து இழுக்கப் போனபோது கீழேயிருந்து ஒரு குரல்.

"தம்பி, அத்த இழுத்துறாத! அது உசுரோட கீது!"

எங்கள் ஏரியா கேபிள் அண்ணன். வயது அறுபதுக்கு மேல். அந்தச் சுவரில் பாதி ஒயரை அடித்தவர் அவர்தான். அன்று மதியம் முழுக்க அவர் கீழே நின்று சொல்லச் சொல்ல, நான் மேலே ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கீழடியில் குழி தோண்டினால் மேலே புதுசு, அடியில் பழசு என்று அடுக்கடுக்காக வருமாமே, அதே கதைதான். அண்ணன் சொன்னதையும், பிறகு நான் நூலகத்திலும் நெட்டிலும் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம், டீ குடித்துவிட்டு வாருங்கள் :)

முதலில், இந்த ஊருக்கு ஒயர் எப்போது வந்தது?

டிவிக்கு ரொம்ப முன்னால். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று எங்கள் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. (ராயபுரத்துக்காரன் எந்தத் தலைப்பில் எழுதினாலும் இதைச் சொல்லாமல் விடமாட்டான், பொறுத்துக்கொள்ளுங்கள்.) அதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்பே தந்திக் கம்பி சென்னையைப் பம்பாயோடு சேர்த்துவிட்டது. 1870-71ல் இங்கிருந்து கடலுக்கடியில் பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கேபிள் போட்டார்கள். அதன் மேலே சுற்றியது கட்டாபெர்ச்சா என்ற மரப்பால். இத்தனைக்கும் அந்த மரம் வளர்வது மலாயா பக்கத்தில். கேபிள் எந்த ஊருக்குப் போனதோ அந்தப் பக்கத்து மரத்தின் பாலே அதற்குச் சட்டையாக இருந்திருக்கிறது.

சென்னையின் முதல் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், 1880களின் தொடக்கத்தில், எர்ரபாலு செட்டித் தெருவில். இங்கிருந்து நடந்தே போய்விடலாம். 1895ல் டிராம் ஓடியபோது மின்சாரத்தை முதலில் ரோட்டுக்கு அடியில் ஒரு தடம் வெட்டித்தான் கொடுத்தார்கள். மழைக்காலம் வந்தது, தடத்தில் தண்ணீர் புகுந்தது. கடைசியில் கம்பி தலைக்கு மேலே ஏறிவிட்டது. ஒயரை பூமிக்குள் புதைப்பதா, மேலே தொங்கவிடுவதா என்று இன்றைக்கும் நடக்கும் சண்டைக்கு இந்த ஊரில் நூற்றி முப்பது வயது.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒரு சட்டம். 1885ல் வந்த இந்தியத் தந்திச் சட்டத்தின் பத்தாவது பிரிவு. தந்தித் துறை தன் கம்பியை யாருடைய நிலத்தின் மீதும், கட்டடத்தின் மீதும் கொண்டுபோகலாம். சுவர் அவர்களுக்குச் சொந்தமாகிவிடாது, பயன்படுத்தும் உரிமை மட்டும்தான். சேதம் செய்தால் நஷ்டஈடு தர வேண்டும். நீங்கள் முடியாது என்று மறுத்தால் அவர்கள் மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் போய் அனுமதி வாங்கலாம். வெள்ளைக்காரன் போட்ட இந்த ஏற்பாட்டில்தான் சுதந்திரத்துக்குப் பிறகும் நம் வீடுகளுக்கு டெலிபோன் வந்தது. எங்கள் சுவரில் இருந்த ஜோடிக் கறுப்பு ஒயர் அந்த வகை. மனு போட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய கனெக்ஷன் என்று தாத்தா பெருமையாகச் சொல்வாராம். நான் கழற்றும்போது அது ஒரு நுனியில் எதனோடும் சேராமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

கேபிள் அண்ணனுக்கு அப்படி எந்தச் சட்டமும் துணைக்கு இல்லை. அதுதான் இந்தக் கதையின் மையமே.

சுவரில் ஆக அடியில் கிடைத்தது ரிப்பன் மாதிரி தட்டையான ஒரு ஒயர். ஆன்டெனா ஒயர். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15ல் தொடங்கியது. அப்போதெல்லாம் மொட்டை மாடியில் மீன் முள் மாதிரி ஆன்டெனா, அதிலிருந்து இந்தத் தட்டை ஒயர் ஜன்னல் வழியாக உள்ளே. ஒரு வீட்டுக்கு ஒரு ஆன்டெனா, ஒரு ஒயர். அடுத்த வீட்டோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. படம் தெரியவில்லை என்றால் நம் வீட்டுப் பையன் நம் மாடியில் ஏறித் திருப்புவான், அவ்வளவுதான்.

அடுத்த வீட்டைச் சம்பந்தப்படுத்தியது வீடியோ டெக். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி கலர் டிவி வந்தது. பின்னாடியே வி.சி.ஆர். வந்தது. சென்னைக்கு அது வந்த வாசல்களில் ஒன்று எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969ல் உருவான பர்மா பஜார்! வெளிநாட்டு எலெக்ட்ரானிக்ஸ் சாமான் என்றால் சென்னைக்காரர்கள் அங்கேதான் போவார்கள். டெக்கும் கேசட்டும் வாடகைக்குக் கிடைக்கும். ஒரு ராத்திரிக்கு எடுத்தால் விடிய விடிய மூன்று படம்.

1980களின் நடுவில் பம்பாய், குஜராத் பக்கம் யாருக்கோ ஒரு யோசனை. ஒரே டெக்கிலிருந்து ஒயர் இழுத்து அபார்ட்மென்ட் முழுக்கக் காட்டினால் என்ன? இந்தியாவில் கேபிள் டிவி பிறந்தது அப்படித்தான். சாட்டிலைட் எல்லாம் அப்புறம். ராயபுரத்தில் அபார்ட்மென்ட் ஏது? ஆனால் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கிறதே! அண்ணன் வார்த்தையில், "நம்ம தெருவே ஒரு அபார்ட்மென்ட் தாம்பா, படுக்க வச்ச அபார்ட்மென்ட்." ஒரு டெக், ஒரு மாடுலேட்டர், நூற்றுக்கணக்கான அடி ஒயர், ஒரு ஏணி. அவர் தொழில் தொடங்கிய மூலதனம் இவ்வளவுதான்.

1991 ஜனவரி வளைகுடாப் போரை சி.என்.என். நேரலையில் காட்டியது. அதே வருஷம் ஹாங்காங்கிலிருந்து ஸ்டார் டிவி வந்தது. மொட்டை மாடிகளில் பெரிய பெரிய டிஷ் முளைத்தன. ஆனாலும் பி.பி.சி. செய்தி பார்க்க எங்கள் சந்தில் எத்தனை பேர் காசு கொடுப்பார்கள்? ஒயருக்கு உண்மையான தேவை வந்தது 1993 ஏப்ரல் 14ல், சன் டிவி வந்தபோது. முதலில் நாளுக்குச் சில மணி நேரம்தான். ஆனால் தமிழ். அதன் பிறகு ஆறே மாதத்தில் தன் கனெக்ஷன் மூன்று மடங்கானது என்கிறார் அண்ணன். கணக்கு நோட்டு இல்லை, அவர் வாய்க்கணக்குதான்.

இப்போது ஒரு சின்ன டெக்னிக்கல் இடைவேளை. சுவரை ஏன் பிடித்தார்கள் என்று புரிய இது வேண்டும்.

கன்ட்ரோல் ரூமிலிருந்து கிளம்பும் சிக்னல் ஒயரில் போகப் போகத் தேயும். வீட்டுக்கு வரும் மெல்லிய ஆர்.ஜி.6 ஒயரில் நூறு மீட்டர் போனால், மேல் அலைவரிசைச் சேனல்களில் கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்குதான் மிச்சம். தடித்த ஆர்.ஜி.11ல் தேய்மானம் குறைவு, ஆனால் விலையும் எடையும் அதிகம். அதனால் தெருவோடு போகும் மெயின் லைனுக்குத் தடித்த ஒயர், நடுநடுவே ஆம்ப்ளிஃபயர், அங்கங்கே பிரித்து வீட்டுக்கு மெல்லிய ஒயர். எவ்வளவு குறுக்கு வழியில் போகிறோமோ அவ்வளவு காசு மிச்சம். குறுக்கு வழி என்பது தெரு அல்ல. சுவர். மொட்டை மாடியிலிருந்து மொட்டை மாடி, கைப்பிடிச் சுவர், ஜன்னல் சன்ஷேட், பிறகு அடுத்த வீடு. கம்பம் நடக் காசும் இல்லை, அனுமதியும் இல்லை. மின் கம்பத்தில் கட்டுவது குற்றம் (கட்டாமலும் இல்லை).

ஆக, சுவர்க்காரரிடம் கேட்க வேண்டும். எங்கள் தாத்தாவிடம் கேட்டிருக்கிறார். தாத்தா வைத்த விலை, மாடியில் ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்கு இடம், அதற்குக் கரன்ட், சுவரில் ஒயர், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆயுசுக்கும் ஓசி கனெக்ஷன். எழுத்து எதுவும் இல்லை, வாய்ப்பேச்சுதான். எங்கள் வீட்டில் பெட்டி நின்றால் எங்களுக்குப் பின்னால் இருக்கும் பதினான்கு வீட்டிலும் டிவி நிற்கும். பாட்டி ஏதாவது கோபத்தில் அந்த ஸ்விட்சை அணைத்துவிட்டால் ஐந்து நிமிஷத்தில் தெருவே வாசலில் வந்து நிற்குமாம்.

சரி, சட்டம் எங்கே போயிற்று? 1993ல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், கேபிள் ஒயரும் தந்திச் சட்டப்படி 'தந்திக் கம்பி'தான், லைசென்ஸ் வேண்டும் என்று சொல்லிவிட்டது. 1994 செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 1995ல் அது கேபிள் டெலிவிஷன் நெட்வொர்க்ஸ் ஒழுங்குமுறைச் சட்டமாக ஆனது. ஆபரேட்டர்கள் தலைமைத் தபால் நிலையத்தில் போய்ப் பதிவு செய்ய வேண்டும். எந்த நிகழ்ச்சி காட்டலாம், எது கூடாது, தூர்தர்ஷனைக் கட்டாயம் காட்டு, எல்லாம் அதில் இருந்தது. ஒயரை எந்த வழியாகக் கொண்டுபோவது என்பது மட்டும் இல்லை! லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஒயர் போன பிறகு, 2011 திருத்தத்தில்தான் ஆபரேட்டருக்கு வழி உரிமை பற்றி ஒரு பிரிவு சேர்த்தார்கள். அதுவும் பொது அமைப்புகளின் இடத்துக்குத்தான் நடைமுறை சொல்கிறது. உங்கள் வீட்டுச் சுவர் அப்போதும் வாய்ப்பேச்சில்தான்.

யோசித்துப் பாருங்கள். தந்தித் துறைக்குச் சுவரும் உண்டு, சட்டமும் உண்டு. ஆனால் ஃபோனுக்கு வருஷக்கணக்கில் க்யூ. சட்டமே இல்லாத கேபிள்காரர் சொன்ன மறுநாள் கனெக்ஷன் கொடுத்தார். இதை வைத்து 'தனியார் என்றாலே வேகம்' என்று நம் எகனாமிக்ஸ் கிளாஸில் சொல்வது மாதிரி முடித்துவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வேகத்துக்கு விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

அண்ணனிடம் வேலை பார்த்த ஒரு பையன், அப்போது என் வயசு. மழை நின்ற ஒரு சாயங்காலம், வீட்டுக்கு வரும் இ.பி. சர்வீஸ் ஒயரும் கேபிள் ஒயரும் ஒரே கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்த இடத்தில் ஏணி போட்டு ஏறியிருக்கிறான். சர்வீஸ் ஒயரின் தோல் வெடித்திருந்தது. நல்லவேளை, தூக்கி எறியப்பட்டு ஒரு தகரக் கூரையில் விழுந்து பிழைத்துக்கொண்டான். இடது கையில் இரண்டு விரல் இன்றைக்கும் மடங்காது. இன்ஷூரன்ஸா, என்னது அது? அண்ணன்தான் ஆஸ்பத்திரிச் செலவு பார்த்தார். "அதுக்கப்புறம் மின்சார ஒயர் போற பக்கம் நம்ம ஒயரு போவாது, ஒரு முழம் தள்ளித்தான்" என்றார். எங்கள் சுவரில் நிஜமாகவே அந்த ஒரு முழ இடைவெளி இருக்கிறது. இத்தனை நாள் அது ஏன் என்று எனக்குத் தெரியாது.

ஒயருக்கு இன்னொரு எதிரி உப்புக்காற்று. காசிமேடு கூப்பிடும் தூரம். ஜாயின்ட்டில் டேப் சரியாகச் சுற்றாவிட்டால் உள்ளே இருக்கும் அலுமினிய வலை வெள்ளைப் பொடியாக உதிர்ந்துவிடும். நான் கழற்றிய ஐந்து செத்த கேபிள் ஒயரிலும் அந்தப் பொடிதான். வெயில் வேறு. வெள்ளைத் தோல் ஒயர் சில வருஷத்தில் வெடித்துவிடுகிறது, கறுப்புத் தோல் தாங்குகிறது. கறுப்பில் கலந்திருக்கும் கரி வெயிலைத் தடுத்துவிடுமாம். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒயரை 'ப' வடிவில் கொஞ்சம் கீழே தொங்கவிட்டுத்தான் ஓட்டைக்குள் விட வேண்டும், இல்லையென்றால் மழைத்தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டு நேராக டிவிக்குள் போகும். அந்த வளைவை வைத்தே யார் அடித்த ஒயர் என்று அண்ணன் சொல்லிவிடுகிறார்! "இது நான் அடிச்சது. இது எவனோ அவசரத்துல அடிச்சது."

அந்த 'எவனோ' அடித்தது பெரும்பாலும் இன்டர்நெட் ஒயர். இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் 1995 ஆகஸ்ட் 15ல் வி.எஸ்.என்.எல். மூலம் டெலிபோன் வழியாக வந்தது. 2000களின் தொடக்கத்தில் சிஃபி மாதிரி கம்பெனிகள் புதிதாகத் தெரு தோண்டாமல், கேபிள்காரர்களையே பிடித்தார்கள். ஏதாவது ஒரு மாடி வரை ரேடியோ அலை, அங்கிருந்து வீடுகளுக்குக் கேட்5 ஒயர். கேட்5க்கு நூறு மீட்டர்தான் எல்லை. ஆகவே நூறு மீட்டருக்கு ஒரு ஸ்விட்ச், பிளாஸ்டிக் டப்பாவில், யாராவது வீட்டு மாடியில். இடி இடித்தால் வரிசையாகப் போர்ட்டுகள் காலி. ஆபீஸ் ரூமுக்குள் மேஜைக்குக் கீழே ஓட வேண்டிய ஒயரை ராயபுரம் வெயிலில் மொட்டை மாடியில் ஓடவிட்டால் என்ன ஆகும்? எங்கள் சுவரிலிருந்த இரண்டு நீல ஒயரின் தோல் கை பட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கியது.

அதற்கப்புறம் நடந்ததை எல்லாம் அண்ணன் சலிப்போடுதான் சொன்னார், நானும் சுருக்கமாகவே சொல்கிறேன். 2003 செப்டம்பர் 1ல் நாட்டிலேயே சென்னையில் மட்டும் செட்-டாப் பாக்ஸ் முறை நிஜமாக நடைமுறைக்கு வந்தது. பாக்ஸ் இல்லாமல் இலவசச் சேனல்கள் மட்டும், மாதம் 72 ரூபாயும் வரியும். மிகச் சிலரே பாக்ஸ் வாங்கினார்கள். அதற்குள் பெரிய நெட்வொர்க்குகள் ஊரைப் பங்கு போட்டிருந்தன. அண்ணனின் டிஷ் பழைய இரும்புக்குப் போய், அவர்களிடம் சிக்னல் வாங்கி விநியோகிப்பவராக ஆகிவிட்டார். 2006 ஜனவரியில் அந்த நெட்வொர்க்குகளை அரசே எடுத்துக்கொள்ள சட்டசபையில் மசோதா நிறைவேறியது, ஆட்சி மாறியதும் அப்படியே நின்றது. 2007ல் அரசு கேபிள் நிறுவனம் உருவானது. 2011 செப்டம்பரில் சென்னை தவிர்த்த மாவட்டங்களில் 70 ரூபாய்க்குக் கனெக்ஷன் வந்தது. 2012 அக்டோபரில் நான்கு பெருநகரங்களும் டிஜிட்டலுக்கு மாற வேண்டும் என்று கெடு, சென்னையில் அது கோர்ட் கேஸ்களில் இழுத்தது. இத்தனையிலும் எங்கள் சுவரில் எந்த ஒயரும் மாறவில்லை, வசூலிக்கும் காசு யாருக்குப் போகிறது என்பதுதான் மாறியது. நடுவில் அப்பா வாங்கிய டிஷ்ஷுக்கு இரண்டு ஒயர் கூடின, அதுவும் இப்போது இல்லை.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். நான் அப்போது ஏழாவது படித்தேன். கம்பத்துக்குக் கம்பம் தொங்கிய ஒயரெல்லாம் மரத்தோடு மரமாக ரோட்டில் கிடந்தது. நான்கு நாள் கரன்ட் இல்லை. ஐந்தாம் நாள் கரன்ட் வந்தபோது பின்னால் இருந்த வீடுகளில் உடனே டிவி ஓடியது. காரணம், அவர்களுக்குப் போன ஒயர் சுவரோடு ஆணியடித்து ஒட்டியிருந்தது, காற்றுக்குப் பிடி கிடைக்கவில்லை. பார்க்க அசிங்கம்தான், மாநகராட்சியும் அவ்வப்போது அனுமதியில்லாத ஒயர்களை வெட்டித்தள்ளும். ஆனால் தாங்கியது அதுதான்.

இப்போது ஃபைபர். எங்கள் சுவரில் மூன்று, ஒன்றுதான் எங்களுடையது, மற்ற இரண்டும் பின்வீடுகளுக்குப் போகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002ல் ஐ2ஐ என்ற கடலடி ஃபைபர் போட்டார்கள், சுமார் 3,200 கிலோமீட்டர். 1871ல் தந்தி போன அதே ஊருக்கு. கடலில் அத்தனை தூரம் ஒழுங்காக வந்த வெளிச்சம், கடைசி நாற்பது அடியில் எங்கள் பாத்ரூம் குழாயோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் கட்டப்பட்டிருக்கிறது. தந்திச் சட்டத்துக்குப் பதிலாக 2023ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம், தனியார் சுவர் என்றால் உரிமையாளரிடம் கேட்டு ஒப்பந்தம் போடச் சொல்கிறது. பொதுநலனுக்கு அவசியம் என்றால் அரசு தலையிடலாம். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. காலேஜிலிருந்து வந்தேன், ஒயர் இருந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு ஒயர் கழன்றன. தட்டை ஒயரிலிருந்து, எப்போதோ திருவிழாவுக்கு மைக் செட்காரர் கட்டிவிட்டு மறந்த ஒயர் வரை. எடைக்குப் போட்டதில் கிடைத்த காசு டீக்கும் பஜ்ஜிக்கும் சரியாகப் போயிற்று. உயிரோடு இருந்தவை ஆறு: இ.பி. ஒயர் ஒன்று, ஃபைபர் மூன்று, அண்ணனுடைய கேபிள் இரண்டு. அந்த இரண்டில் ஒன்று எங்கள் ஓசி கனெக்ஷன். வீட்டில் யாரும் கேபிள் பார்த்து வருஷங்கள் ஆகிவிட்டன. அதையும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அண்ணன் பதில் சொல்லாமல் அம்மாவைப் பார்த்தார். அம்மா, "அது மாமா பேசினது, இருக்கட்டும்" என்றார். மாமா என்றால் என் தாத்தா.

மிச்சம் ஒன்று. கறுப்பு ஒயர். மாடியில் கைப்பிடிச் சுவருக்குள் எங்கேயோ சிமென்ட்டில் நுழைகிறது, கீழே அடுத்த வீட்டுச் சுவருக்குப் பின்னால் மறைகிறது. அண்ணன் நுனி நுனியாகத் தடவிப் பார்த்தார். அவர் அடித்தது இல்லையாம், ஆனால் வளைவு சரியாக விட்டிருக்கிறதாம். வெட்டிப் பார்க்கலாம் என்றேன். "வெட்டிட்டு அப்பால யாராவது வந்து கேட்டா?" என்றார்.

பெயிண்டர் அதன் மேலேயே வெள்ளை அடித்துவிட்டுப் போய்விட்டார்.